பழைய கன்டெய்னரில் பலகை உலர்த்தும் அறை

வரப்பில் வளர்ந்த வேம்பு, பூவரசு, மா மரங்களை அறுத்துப் பச்சைப் பலகையாகவே விற்றால் விலை குறையும். ஈரம் போகாத பலகை பின்னர் சுருங்கி, வளைந்து, வெடிக்கும். நான்கைந்து விவசாயிகள் சேர்ந்தால், பழைய குளிர்சாதனக் கன்டெய்னர் ஒன்றை உலர்த்தும் அறையாக மாற்றலாம். இதன் சுவருக்குள் வெப்பத்தடுப்பு நுரை இருப்பதால் சூடு வீணாகாது. சாதாரண இரும்புக் கன்டெய்னரில் ஈர ஆவி சுவரில் வியர்த்துத் துருவேறும்.

கருப்பு வண்ணம் பூசிய தகட்டைக் கண்ணாடியால் மூடி, அதன் வழியே வெயிலில் சூடான காற்றை மின்விசிறியால் உள்ளே செலுத்தவேண்டும். ஈரக்காற்று வெளியேற, மூடித் திறக்கும் துவாரம் தேவை. கதவு உள்ளிருந்தும் திறக்கும்படி இருக்கவேண்டும்.

அறுத்தவுடன் பலகையின் இரு முனைகளிலும் மெழுகோ பெயிண்டோ பூசவும். ஒரே கனமுள்ள பலகைகளை, 1 அங்குல ரீப்பர்களை 1½ அடிக்கு ஒன்றாகக் குறுக்கே வைத்து அடுக்கவும். எல்லா வரிசையிலும் ரீப்பர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நேராக அமையவேண்டும். உச்சியில் பாரம் ஏற்றவும். முதல் நாட்களில் துவாரத்தைச் சிறிதே திறக்கவும். அவசரப்பட்டுச் சூடேற்றினால் மேற்புறம் வெடிக்கும்.

பலகையின் நடுப்பகுதியில் வெட்டிய துண்டு 112 கிராம் இருந்து, 103 டிகிரி செல்சியஸ் சூட்டில் எடை மேலும் குறையாதவரை காய்ந்தபின் 100 கிராம் நின்றால், ஈரம் 12 சதம். மேசை, நாற்காலி செய்ய இதுவே பதம்.