இரவில் கேட்கும் திருச்சி

சென்ற பொங்கல் விடுமுறையில், சித்தூரில் என் தந்தையார் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அதற்கு விடை எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்வதற்கு என்னிடம் தமிழ் இல்லை. அந்த வெட்கத்தில் பிறந்ததே இக்கட்டுரை.

தந்தையார் குடியாத்தத்துக்காரர். பிழைப்பை நாடிச் சித்தூருக்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. சிறிய தையற்கடை ஒன்று வைத்திருக்கிறார். தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பழைய வானொலிப் பெட்டி இருக்கும். இரவு எட்டு மணிக்கு மேல் திருச்சி நிலையத்தை வைத்துக்கொண்டு பித்தான் தைப்பது அவர் வழக்கம். நான் பள்ளியில் படித்தவை தெலுங்கும் ஆங்கிலமுமே. தமிழ் எழுத்துக்களை அம்மா கற்பித்தார். தமிழைச் செவ்வையாகப் பேசக் கற்பித்தது அந்தப் பெட்டிதான்.

அன்று இரவு பாட்டுக்கு நடுவே அவர் கேட்டார்:

"ஏம்பா, நீ பெரிய படிப்பெல்லாம் படிக்கிறியே, பகல்ல வராத திருச்சி ராத்திரியில மட்டும் எப்படிப்பா வருது?"

நான் பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. மாணவன். வானொலி கேட்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவனும்கூட. ஆர்வத்தோடு வாயைத் திறந்தேன். 'அயனோஸ்பியர்' என்றேன், 'டி லேயர்' என்றேன், 'அப்சார்ப்ஷன்' என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிப்பா" என்று சொல்லி ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினார். அந்தச் 'சரிப்பா'வுக்கு, 'ஒன்றும் விளங்கவில்லை' என்பதே பொருள்.

திருப்பதிக்குத் திரும்பியதும், அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பாடத்தை எழுதிப் பார்த்தேன். அதை உங்கள்முன் வைக்கிறேன்.

நிலத்து வழியும் வான் வழியும்

ஒலிபரப்பு நிலையத்தின் கோபுரத்திலிருந்து புறப்படும் மின்காந்த அலை நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. திருச்சி நிலையத்தை நான் கேட்பது 936 கிலோஹெர்ட்சில். அதாவது அந்த அலை நொடிக்கு 9,36,000 முறை அதிர்கிறது. வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலையின் நீளம் கிடைக்கும். இங்கே அது ஏறத்தாழ 320 மீட்டர். இத்தகைய அலைகளை மத்திய அலைகள் என்கிறோம்.

இந்த அலை நம்மை வந்தடைய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நிலத்தை ஒட்டியே தவழ்ந்து வருவது. இதனை நில அலை என்பர். வரும் வழியிலெல்லாம் மண் அதன் ஆற்றலை உறிஞ்சிக்கொள்கிறது. கடல்நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் கடலின்மேல் நில அலை நெடுந்தூரம் செல்லும். நம் சித்தூர்ப் பக்கத்துக் கற்பாங்கான காய்ந்த நிலமோ அதை விரைவில் விழுங்கிவிடும். திருப்பதிக்கும் திருச்சிக்கும் நேர்க்கோட்டில் 320 கிலோமீட்டருக்குமேல் இருக்கிறது. அவ்வளவு தூரம் தவழ்ந்து வரும் அலை நண்பகலில் இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிடுகிறது.

மற்றொன்று வான் வழி. பூமிக்கு மேலே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் உயரத்திலிருந்து தொடங்கிப் பல நூறு கிலோமீட்டர் வரை, சூரிய ஒளி காற்றின் அணுக்களிலிருந்தும் மூலக்கூறுகளிலிருந்தும் எலெக்ட்ரான்களைப் பிரித்து வைத்திருக்கிறது. இப்பகுதியே அயனி மண்டலம். மேலே செல்லும் வானொலி அலையை இது வளைத்து மீண்டும் பூமிக்கே அனுப்பக்கூடியது.

அப்படியானால் பகலிலும் திருச்சி கேட்க வேண்டுமே! ஏன் கேட்பதில்லை?

அயனி மண்டலம் பல அடுக்குகளாக அமைந்துள்ளது. கீழே 60 முதல் 90 கிலோமீட்டர் வரை உள்ளது 'டி' அடுக்கு. அதற்குமேல் 'இ' அடுக்கும், இன்னும் மேலே 'எஃப்' அடுக்கும் உள்ளன. அலையைத் திருப்பி அனுப்புவது மேலடுக்குகளின் வேலை. ஆனால் அலை அங்கே போக வேண்டுமானால் 'டி' அடுக்கைக் கடந்தாக வேண்டும். அங்கே காற்று ஓரளவு அடர்த்தியாக இருக்கிறது. அலை எலெக்ட்ரான்களை அசைக்கிறது; அசைந்த எலெக்ட்ரான்கள் காற்றின் மூலக்கூறுகளோடு மோதி, பெற்ற ஆற்றலை வெப்பமாக இழக்கின்றன. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் தயிர்ப் பானையோடு நுழைந்தவன், மறுபுறம் வரும்போது வெறும் பானையோடு வருவதைப்போல, அலை தன் வலுவையெல்லாம் அந்த நெரிசலில் சிந்திவிடுகிறது.

சூரியன் மறைந்ததும் நிலை மாறுகிறது. 'டி' அடுக்கில் காற்று அடர்த்தியாக இருப்பதால் எலெக்ட்ரான்களும் அயனிகளும் விரைவில் மீண்டும் இணைந்துவிடுகின்றன. அந்த அடுக்கே ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. உயரத்தில் உள்ள 'எஃப்' அடுக்கில் காற்று மிக மெலிந்தது. அங்கே பிரிந்தவை சேர நெடுநேரம் ஆகும். ஆகவே அது இரவு முழுவதும் நிலைத்திருக்கிறது. இடையில் நின்ற திரை விலகிவிட, மேலே உள்ள கூரை மட்டும் எஞ்சுகிறது. திருச்சியின் குரல் அந்தக் கூரையில் பட்டுச் சித்தூர்த் தையற்கடையில் வந்து இறங்குகிறது.

1924-ஆம் ஆண்டு

வானத்தில் இப்படி ஒரு மண்டலம் இருக்க வேண்டும் என்று 1902-இல் அமெரிக்காவில் கென்னலியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும் தனித்தனியே கருதினர். அதனை அளந்து காட்டியவர் எட்வர்டு ஆப்பிள்டன். 1924 டிசம்பரில் அவரும் பார்னெட் என்னும் அவருடைய ஆராய்ச்சி மாணவரும், போர்ன்மத் நகரத்து ஒலிபரப்பை ஆக்ஸ்ஃபோர்டில் இருந்து கேட்டனர். நில அலையும் வான் அலையும் ஒருங்கே வந்து சேரும்போது சில வேளை ஒன்றையொன்று வலுப்படுத்தும்; சில வேளை அழிக்கும். அலைநீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றச் செய்து, ஒலி எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணினர். அந்த எண்ணிக்கையிலிருந்து கூரையின் உயரத்தைக் கணக்கிட்டனர். ஆப்பிள்டனுக்கு 1947-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அதே 1924-ஆம் ஆண்டில் நம் பக்கத்திலும் ஒரு காரியம் நடந்தது. சித்தூரும் திருப்பதியும் அன்று சென்னை மாகாணத்தில் இருந்தன. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியும் அவரையொத்த ஆர்வலர்களும் கூடிச் 'சென்னை மாகாண வானொலிக் கழகம்' கண்டனர். ஜூலை 31-ஆம் நாள் 40 வாட் ஒலிபரப்பியைக் கொண்டு மாலை நேரங்களில் இசையும் உரையும் ஒலிபரப்பத் தொடங்கினர். 40 வாட் என்பது இன்று நம் விடுதி அறையில் எரியும் ஒரு பழைய குழல் விளக்கின் அளவு! பண முடையால் 1927-இல் கழகம் ஓய்ந்தது. அதன் ஒலிபரப்பி மாநகராட்சியின் கைக்குச் சென்று 1930-இல் மீண்டும் பேசிற்று. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16-இல்தான் பிறந்தது. அரசு வருமுன் ஆர்வலர் வந்தனர் என்பதை நாம் மறக்கலாகாது.

கொழும்பிலிருந்து வந்த பாட்டு

என் தந்தையாரின் தலைமுறைக்கு வானொலி என்றால் இலங்கைதான். 1952-இல் மத்திய செய்தி ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடம் சுருங்கிற்று. நேயர்கள் இலங்கை வானொலிக்குத் திரும்பினர். உலகப் போர்க் காலத்தில் தென்கிழக்காசியப் படையினருக்காகத் திட்டமிடப்பட்ட சிற்றலை ஒலிபரப்பியே பின்னர் இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. போருக்கென்று வந்த கருவி காதற்பாட்டைச் சுமந்து கடல் கடந்தது! அதற்கு விடையாகவே 1957 அக்டோபர் 3-இல் நம் நாட்டில் 'விவித பாரதி' தோன்றிற்று. ஆயினும் மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் தமிழ்நாட்டு வீடுகளில் நெடுங்காலம் குடியிருந்தன. குடியாத்தத்துத் தேநீர்க் கடையில் நின்று அப்துல் ஹமீதைக் கேட்டதைத் தந்தையார் இன்றும் சொல்லுவார்.

எழுதாத கேள்வி வீண்

பாட்டைக் கேட்டு மகிழ்ந்தால் போதாதா, பாடம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நானும் முதலில் வெறுமனே கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். திருப்பதிக்குப் படிக்க வந்தபோது ஒரு நாற்பது பக்க நோட்டில் குறிப்பெழுதத் தொடங்கினேன். முதல் மாதக் குறிப்புக்கள் முழுவதும் வீண். 'திருச்சி நன்று', 'சென்னை சுமார்' என்று எழுதினேனே தவிர, மணியை எழுதவில்லை. நேரமில்லாத குறிப்பு, தேதியில்லாத கடிதத்தைப் போன்றது.

பிறகு ஐந்து பத்திகள் வகுத்துக்கொண்டேன்: நாள், மணி, அதிர்வெண், இடம், ஒலியின் வலிமைக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். மூன்று மாதங்களில் நோட்டு என்னிடமே பேசத் தொடங்கிற்று.

முதலாவது, விடுதி அறையில் எப்போதும் 1 அல்லது 2. மொட்டைமாடியில் அதே நிலையம் 4. அறையில் இருந்த விளக்குகளும் கைப்பேசி மின்னேற்றிகளும் எழுப்பும் மின் இரைச்சலே காரணம்.

இரண்டாவது, பெட்டியைத் திருப்பி வைத்தால் மதிப்பெண் மாறுகிறது. உள்ளே இருக்கும் ஃபெரைட் கம்பி, நிலையத்துக்குக் குறுக்காக இருக்கும்போது நன்றாகவும், நுனி நிலையத்தை நோக்கும்போது மிகக் குறைவாகவும் அலையைப் பெறும்.

மூன்றாவது எனக்கே வியப்பளித்தது. 720 கிலோஹெர்ட்சில் சென்னை நிலையம் திருப்பதியில் பகலில் தெளிவாகக் கேட்டது. இரவில் அதே நிலையம் ஏறியும் இறங்கியும் தள்ளாடிற்று. தூரத்துத் திருச்சி இரவில் தேறுகிறது. 110 கிலோமீட்டரில் உள்ள சென்னை இரவில் கெடுகிறது! காரணம் ஆப்பிள்டன் கண்டதே. இவ்வளவு தூரத்தில் சென்னையின் நில அலையும் வந்துவிடுகிறது. இரவில் வான் அலையும் வந்து அதனோடு மோதுகிறது. பாடப் புத்தகத்தில் மனப்பாடம் செய்த செய்தியை நூறு ரூபாய்க்கு வாங்கிய பழைய பெட்டியில் கேட்டபோதுதான் நம்பினேன்.

பேருந்துச் சாளரத்தில்

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே பேருந்தில் போகும் நம்மில் பலர், வழியில் பாகாலாவை அடுத்துள்ள காதங்கி என்னும் சிற்றூரைக் கவனித்திருக்க மாட்டோம். தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் அங்கேதான் உள்ளது. 32 வரிசை, வரிசைக்கு 32 என 1,024 யாகி ஆன்டெனாக்கள் நட்ட ஒரு வயல் அங்கே இருக்கிறது. 53 மெகாஹெர்ட்சில் அலையை மேலே அனுப்பிவிட்டு, காற்றின் கொந்தளிப்பில் பட்டுத் திரும்பும் மிக மெல்லிய எதிரொலியை அது கேட்கிறது. அதிலிருந்து மேலே வீசும் காற்றின் வேகத்தை அளக்கிறார்கள். அயனி மண்டலத்தின் ஒழுங்கின்மைகளையும் ஆராய்கிறார்கள். அங்கே இருப்பது பெரிய காது, என்னிடம் இருப்பது சிறிய காது என்று எண்ணிக்கொண்டே ஒவ்வொரு முறையும் அவ்வழியே போகிறேன்.

இரண்டாம் கேள்வி

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை சித்தூர் சென்றேன். இம்முறை தயிர்ப் பானையையும் திரையையும் கூரையையும் கொண்டு சென்றேன். ஓர் ஆங்கிலச் சொல்லும் இன்றிப் பத்து நிமிடம் சொன்னேன். தந்தையார் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு சொன்னார்:

"அப்படின்னா, விடியற நேரத்துல திருச்சி கொஞ்சம் கொஞ்சமா அடங்கணுமே?"

நான் திகைத்துப் போனேன். என் நோட்டில் விடியற்காலைக் குறிப்பு ஒன்றுகூட இல்லை. அந்த வேளையில் நான் உறங்கிக்கொண்டிருப்பேன்! ஒரு விளக்கத்தைக் கேட்டு, அதிலிருந்து இனி நடக்க வேண்டியதைக் கணிப்பதற்குப் பெயர்தான் விஞ்ஞானம். எட்டாம் வகுப்போடு நிறுத்திய ஒருவர் அதை அரை நொடியில் செய்தார். தடையாக இருந்தது அவருடைய படிப்புக் குறைவு என்று நான் இதுவரை எண்ணியிருந்தேன். தடை என் நாக்கில் இருந்தது.

மறுநாள் இருவரும் இருட்டிலேயே எழுந்து வாசலில் உட்கார்ந்தோம். 6 மணிக்குத் திருச்சிக்கு 4 மதிப்பெண். 6.35 மணியளவில் சூரியன் தோன்றிற்று, அப்போது 3. ஏழு மணிக்கு 2. ஏழரை மணிக்குப் பாட்டு இரைச்சலில் கரைந்தது. "போயிடுச்சுப்பா" என்றார் தந்தையார். ஒரு நிலையத்தை இழந்ததற்கு அவ்வளவு மகிழ்ந்தவரை நான் கண்டதில்லை. நோட்டில் அந்த நான்கு வரிகளையும் அவரே தம் கையால் எழுதினார்.

நண்பர்களே, கைப்பேசிச் செயலியில் எந்த நிலையமும் எந்நேரமும் தெளிவாகக் கேட்கும் காலம் இது. மத்திய அலை ஒலிபரப்பிகள் பல அண்மை ஆண்டுகளில் நம் நாட்டில் மூடப்பட்டுவிட்டன. எஞ்சியிருப்பவை பேசும்போதே அவற்றைக் கொண்டு வானத்தைப் படித்துவிடலாம். கேட்பதற்கு உரிமமும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். நம் மன்ற உறுப்பினர்கள் வரும் கோடை விடுமுறையில் தத்தம் ஊர்களில் இருந்தபடி, ஒரே நிலையத்தை ஒரே மணியில், ஐந்து பத்திகளில் குறித்து வாருங்கள். விடுமுறை முடிந்ததும் எல்லா நோட்டுக்களையும் ஒன்றாக விரித்துப் பார்ப்போம்.

ஒரே ஒரு வேண்டுகோள். குறிப்புக்களைத் தமிழில் எழுதுங்கள். வீட்டில் யாரேனும் கேள்வி கேட்கக்கூடும்.