பரோலோ: வயசானால் மட்டும் போதுமா?

பெரேரோ ரோஷர் சாக்லேட் நிறுவனத்தின் தாய்வீடான ஆல்பா நகரம், இத்தாலியின் வடமேற்கே பீட்மான்ட் மாநிலத்தில் இருக்கிறது. அதற்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் லாங்கே குன்றுகள். வெயில் குறைந்த சரிவுகளில் ஹேசல்நட் மரங்கள், வெயில் விழும் சரிவுகளில் திராட்சைக் கொடிகள். அங்கே விளையும் நெபியோலோ என்ற திராட்சையிலிருந்து வருவதுதான் பரோலோ. பத்து, இருபது ஆண்டுகள் தாங்கக்கூடிய சிவப்பு ஒயின் அது. பேரும் விலையும் ஏற ஏற, அதைச் சுற்றிக் கதைகளும் பெருகிவிட்டன.

நம்பிக்கை: ஒயின் பழசாகப் பழசாக ருசி கூடும்.

உண்மை: உலகில் விற்கும் ஒயின்களில் பெரும்பாலானவை ஓரிரு ஆண்டுகளில் குடித்து முடிப்பதற்கென்றே தயாராகின்றன. லாங்கேயிலேயே, டோல்செட்டோ திராட்சையின் ஒயினை ஊர்க்காரர்கள் இளசாகவே அன்றாடச் சாப்பாட்டோடு குடித்துத் தீர்த்துவிடுவார்கள்.

நெபியோலோவின் சங்கதி வேறு. அதில் புளிப்பும் அதிகம், டானின் என்ற துவர்ப்புப் பொருளும் அதிகம். இளம் பரோலோ ஒரு வாய் குடித்தால், கொட்டைப்பாக்கை மென்றதுபோல் நாக்கும் ஈறும் இழுக்கும். ஆண்டுகள் போகப்போக டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து துவர்ப்பு தணியும். ரோஜாவும் செர்ரியுமாக இருந்த மணம் பின்வாங்கி, தார், காய்ந்த இலை, காளான் வாசனைகள் தலைகாட்டும். புளிப்பு மட்டும் பெரிதாகக் குறையாமல் நின்று ஒயினைத் தாங்கும். ஆனால் திராட்சை சரியாகப் பழுக்காத ஆண்டின் ஒயின் என்றால், துவர்ப்பு போவதற்குள் பழச்சுவை போய்விடும். பழத்தில் இல்லாததைக் காலம் கொண்டுவந்து சேர்ப்பதில்லை.

நம்பிக்கை: கறுத்த ஒயின்தான் நீண்ட நாள் நிற்கும்.

உண்மை: நெபியோலோவின் தோலில் நிறமி குறைவு, இருப்பதும் சீக்கிரம் வெளிறிவிடும். பத்து வயதுப் பரோலோவைக் கிளாஸில் ஊற்றிச் சாய்த்து, பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்து தெரியும். ஓரத்தில் செங்கல் நிறம் படர்ந்திருக்கும். பார்த்தவர்கள் இது கெட்டுப்போன சரக்கு என்று நினைக்கலாம். வாயில் வைத்தால் துவர்ப்பு பதில் சொல்லும். நிறமும் ஆயுளும் ஒன்றல்ல.

நம்பிக்கை: நெபியோலோவை எங்கே நட்டாலும் பரோலோ கிடைக்கும்.

உண்மை: அந்தப் பெயரைப் பயன்படுத்த 11 ஊர்களுக்குத்தான் உரிமை. நெபியோலோ எல்லாருக்கும் முன்னால் துளிர்க்கும், எல்லாருக்கும் பின்னால் பழுக்கும். அறுவடை பெரும்பாலும் அக்டோபரில்தான். அத்தனை நாள் வெயில் வேண்டுமென்பதால் வடக்குப் பார்த்த சரிவுகளை விதியே ஒதுக்கிவிட்டது. மண்ணும் இடத்துக்கு இடம் மாறும். மேற்கே லா மொர்ராவின் ஒயின் மணமும் மென்மையுமாக முந்தி இணங்கும். கிழக்கே செர்ராலுங்காவின் ஒயின் முறுக்காக, அதிக நாள் காக்க வைக்கும். ஒரே திராட்சைதான், நடுவே சில மைல் தூரம்தான். இந்தத் திராட்சைத் தோட்ட நிலப்பரப்பை யுனெஸ்கோ 2014இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

நம்பிக்கை: ஓக் பீப்பாயின் வாசம் ஏற ஏறத் தரம் ஏறும்.

உண்மை: பரோலோ விற்பனைக்கு வர 38 மாதம் ஆக வேண்டும், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில். ‘ரிசர்வா’ என்று போட்டுக்கொள்ள 62 மாதம். பீப்பாய் எவ்வளவு பெரிதென்று விதி சொல்லவில்லை, சண்டையே அங்கேதான். ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் பழைய பீப்பாய் மரவாசத்தைப் பெரிதாக ஏற்றாது. 225 லிட்டர் பிடிக்கும் புதிய பிரெஞ்சுப் பீப்பாய் வனிலா வாசத்தை அள்ளிக் கொடுக்கும். 1983இல் சிறு பீப்பாய்க்கு மாற விரும்பிய எலியோ அல்தாரே என்ற இளைஞர் தன் அப்பாவின் பெரிய பீப்பாய்களை மின்ரம்பத்தால் அறுத்துப்போட, அப்பா அவருக்குச் சொத்தில்லை என்று எழுதிவைத்தார். எதிர் முகாமில் பார்தோலோ மஸ்கரெல்லோ என்ற ஒயின் தயாரிப்பாளர், சிறு பீப்பாயும் வேண்டாம், அரசியல்வாதி பெர்லுஸ்கோனியும் வேண்டாம் என்று லேபிளிலேயே எழுதி ஒட்டினார். இன்று இரு தரப்பும் நடுவழிக்கு நெருங்கி வந்திருக்கின்றன. நல்ல தோட்டத்துப் பழம் இரண்டு முறையிலும் நிற்கிறது.

நம்பிக்கை: அடியில் கசடு தங்கினால் ஒயின் கெட்டுவிட்டது.

உண்மை: பிணைந்த டானினும் நிறமியும் கனமாகி அடியில் படிவதுதான் அது. பாட்டிலை ஒருநாள் நிமிர்த்தி வைத்துவிட்டு, தெளிவை மட்டும் மெதுவாக வேறு பாத்திரத்தில் இறுத்தால் போதும். உண்மையில் ஒயினைக் கெடுப்பது வெப்பம். 12 முதல் 15 டிகிரிவரை குளிரும் இருட்டும் உள்ள இடத்தில், கார்க் காயாதபடி படுக்கவைக்க வேண்டும். நம் ஊர் வரவேற்பறை ஷோகேஸில் ஒரு கோடையைக் கடந்த பாட்டிலுக்கு வயது கூடியிருக்கும், ருசி கூடியிருக்காது.

நம்பிக்கை: பழைய ஒயின் உடம்புக்கு மருந்து.

உண்மை: இதற்கு லாங்கேயிலேயே ஒரு வேர் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கிருந்த மருந்து வணிகர்கள் பரோலோவில் சின்கோனா பட்டையும் மசாலாக்களும் ஊறவைத்து ‘கினாத்தோ’ என்று விற்றார்கள். இன்று அது சாப்பாட்டுக்குப் பிந்தைய பானம், அவ்வளவே. முதிர்ச்சி துவர்ப்பைத் தணிக்கும், ஆல்கஹாலைத் தணிக்காது. பரோலோவில் அது 13 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, பலவற்றில் 14ஐத் தாண்டும். பாதுகாப்பான மது அளவு என்று ஒன்றில்லை என 2023இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. முப்பது வயதுப் பரோலோவுக்கும் அதில் விலக்கு கிடையாது.