புலால் உண்ணாமை மட்டும் இதயத்தைக் காக்குமா?

நம் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இன்று சென்னை, பெங்களூரு முதலிய நகரங்களில் அலுவல் புரிந்து வாழ்கின்றனர். அவர்களிடம் இதய நோயைப் பற்றிப் பேசத் தொடங்கினால், "நாம் புலால் உண்பதில்லையே, நமக்கு அந்நோய் எவ்வாறு வரும்?" என்று கேட்கின்றனர். புலால் உண்ணாமை நம் அறம். அதனால் உடலுக்கும் நன்மை உண்டு. எனினும் அது ஒன்றே இதயத்திற்குப் போதிய காவல் ஆகாது. ஏன் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

நோயின் தன்மை

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனிகளின் உட்சுவரில் கொழுப்பு சிறிது சிறிதாகப் படிகிறது. இது பல ஆண்டுகள் எவ்வித வலியுமின்றி நிகழ்வது. ஒருநாள் அப்படிவு வெடித்து, அவ்விடத்தில் இரத்தம் உறைந்து வழியை அடைத்துவிடுகிறது. அதுவே மாரடைப்பு.

ஆய்வுகள் கூறுவன

1948ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிரேமிங்காம் என்னும் ஊரில் 5,209 பேரைக் கொண்டு தொடங்கிய நெடுங்கால ஆய்வே, உயர் இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகைபிடித்தல் ஆகியவை இந்நோய்க்கு வழிகோலுவதைத் தெளிவாக்கியது. 1953இல் வெளிவந்த ஜெரமி மாரிஸ் என்பவரின் ஆய்வு, இலண்டன் மாடிப் பேருந்துகளில் நாள் முழுதும் அமர்ந்திருந்த ஓட்டுநரைவிடப் படியேறி இறங்கிய நடத்துநருக்கு இதய நோய் குறைவு என்று காட்டியது. நாற்காலியைவிட்டு எழாமல் கணிப்பொறி முன் அமர்ந்திருப்போர் தாம் எவ்வகையினர் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

52 நாடுகளில் நடந்து 2004ஆம் ஆண்டில் வெளிவந்த இண்டர்ஹார்ட் ஆய்வு, மாரடைப்புக்கான காரணங்களுள் பெரும்பகுதியை ஒன்பதில் அடக்கியது. புகைபிடித்தல், இரத்தக் கொழுப்பின் சீர்கேடு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம் ஆகிய ஆறும் தீமை செய்வன. காய்கனி உண்ணுதலும் உடலுழைப்பும் காப்பன. அவை குறைந்தால் தீமை. ஒன்பதாவது மதுப்பழக்கம், அதை நாம் அறவே விலக்கியவர்கள். எஞ்சிய எட்டில் புலால் உண்ணாமையால் மட்டும் தானே நீங்குவது ஒன்றுமில்லை என்பதைக் கருதுக. தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதிலும், பிற நாட்டினருக்கு ஏறத்தாழ 59 வயதிலும் வந்ததாக அதே ஆய்வின் 2007ஆம் ஆண்டு வெளியீடு கூறுகிறது.

நம் உணவு

அப்பளம், ஊறுகாய், வற்றல், கடையில் வாங்கும் காராச்சேவு ஆகியவற்றில் உப்பு மிகுதி. நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே தக்கது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது ஒரு சிறு தேக்கரண்டி அளவே. வனஸ்பதியில் செய்த இனிப்பும், மீண்டும் மீண்டும் காய்ந்த எண்ணெயில் பொரித்த பண்டமும் சைவமே. ஆயினும் இதயத்திற்குப் பகை. தட்டில் சோறு மலையாகவும் காய் ஓரத்திலும் இருப்பது நம் வீடுகளின் வழக்கம். அதை மாற்றிக் காயும் பருப்பும் மிகச் செய்யலாம். பொழுது சாயும் முன் உண்பது நம் முன்னோர் வகுத்த நெறி. அலுவலகத்தில் அது இயலாத நாளிலும், இரவு பத்து மணிக்கு வயிறு நிறைய உண்டு உடனே உறங்குவதைத் தவிர்க்கலாம்.

உபவாசம் பற்றி ஒரு சொல். நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்வோர் உணவை மட்டும் நிறுத்தினால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். மருத்துவரைக் கலந்த பின்னரே விரதம் ஏற்க வேண்டும். தம் உயிரைப் பேணுவதும் அகிம்சையே.

செய்யத்தக்கவை

1. முப்பது வயது கடந்தோர் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைச் சோதித்துக்கொள்க.
2. இடுப்புச் சுற்றளவு ஆடவர்க்கு 90, மகளிர்க்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும்.
3. வாரத்திற்கு 150 நிமிடமேனும் விரைந்து நடக்க.
4. புகைப்பதை இன்றே விடுக. விட்ட ஓராண்டில் அதனால் மிகுந்த அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது.
5. நெஞ்சில் இறுக்கமும், கைக்கோ தாடைக்கோ பரவும் வலியும், வியர்வையும் தோன்றினால் "வாயுத் தொல்லை" என்று இஞ்சிச் சாறு குடித்துக் காத்திராமல் உடனே 108ஐ அழைக்க. தசை மடிவது நிமிடக் கணக்கில் என்பதை மறவற்க.

வீட்டில் கேட்க வேண்டிய வினாக்கள்

நம் வீட்டில் ஒரு திங்களுக்கு எவ்வளவு உப்பும் எண்ணெயும் செலவாகின்றன? அதை உண்போர் எத்தனை பேர்? அவர்களுள் இரத்த அழுத்தம் இன்னதென அறிந்தவர் யார் யார்?

இவ்வினாக்களை ஞாயிறன்று உணவு வேளையில் பிள்ளைகளைக் கொண்டே கேட்கச் செய்யுங்கள். பெரியோர் சொன்னால் தட்டிக் கழிக்கும் தந்தையரும் தம் குழந்தை கேட்டால் விடை சொல்ல முயல்வர்.