வெறும் லிங்க்கை ஒட்டிட்டுப் போகாதே!

நம்ம ஊர்க் கோயிலுக்குத் தமிழ் விக்கிப்பீடியாவுல கட்டுரை ஆரம்பிச்சுட்டியாமே தங்கச்சி, சந்தோஷம்! எழுதறது பாதி வேலைதான். மேற்கோளும் படமும் காணாமப் போகாம பார்த்துக்கறது மீதிப் பாதி.

செய்தித் தளத்தோட லிங்க்கை மட்டும் ஒட்டிட்டு வந்துடாதே. அவங்க தளத்தைப் புதுப்பிச்சா பழைய முகவரி செத்துடும். அது எந்தச் செய்தின்னே யாருக்கும் தெரியாது. தலைப்பு, எழுதினவர், பத்திரிகை, வெளியான தேதி, நீ பார்த்த நாள் எல்லாம் போடு. லிங்க் போனாலும் நூலகத்துல பழைய இதழைப் புரட்டலாம். கையோட அந்தப் பக்கத்தை, இணையப் பக்கங்களோட பிரதியை வெச்சுக்கற வேபேக் மெஷின்ல சேமிச்சு, அந்த முகவரியையும் சேர்த்துடு. அடுத்தவங்க போட்ட லிங்க் செத்திருந்தாலும் உடனே அழிக்காதே, பழைய பிரதி அங்கேயே கிடைக்கலாம்.

புத்தகம்னா பக்க எண் கட்டாயம். தலபுராணத்தைக் காட்டினா "தலபுராணம் இப்படிச் சொல்லுது"ன்னு எழுது. கோயில் கட்டின காலத்துக்கு அது சான்று ஆகாது. தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள்ல நம்ம ஊர் வருதான்னு தேடு. (பூசாரி மாமா கோவிச்சுப்பார், பரவாயில்லை.)

ஒரே புத்தகத்தைப் பல இடத்துல காட்ட, மேற்கோளுக்கு ஒரு பெயர் வெச்சு முழு விவரத்தை ஒரே இடத்துல எழுதுவோம். வில்லங்கமே இங்கதான். அந்த முழு விவரம் இருக்கிற பத்தியை யாராவது நீக்கிட்டா, மத்த இடத்துக்கெல்லாம் சேர்த்து சிவப்புல பிழை காட்டும். பயப்படாதே, 'வரலாறு' பக்கத்துல பழைய பதிப்பைத் திறந்து, விவரத்தை எடுத்து, மிச்சமிருக்கிற ஓர் இடத்துல வெச்சாப் போதும்.

படத்துக்கு வருவோம். கூகுள்ல கிடைச்சதை எடுக்கவே எடுக்காதே. நீ எடுத்ததை விக்கிமீடியா பொதுவகத்துல ஏத்து, எல்லா மொழிக்காரங்களுக்கும் உதவும். வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாதுங்கிற உரிமம் அங்க செல்லாது. கோபுரம், பொது இடத்துல நிரந்தரமா இருக்கிற சிலை இதையெல்லாம் எடுக்க இந்தியச் சட்டம் இடம் கொடுக்குது. புதுசா வரைஞ்ச சுவரோவியம் அப்படியில்லை, அது ஓவியரோட உரிமை.

பொதுவகத்துல ஒரு படத்தை நீக்கினா, தானியங்கி ஒண்ணு வந்து கட்டுரையிலிருந்தும் அதை எடுத்துடும். அதனால உன் படங்களைக் கவனிப்புப் பட்டியல்ல போட்டு வை. நீக்கலாமான்னு பேச்சு ஆரம்பிச்சா பொதுவா ஒரு வாரம் நடக்கும். அதுக்குள்ள போய்ப் பதில் சொல்லு. கேமராவிலிருந்து வந்த அசல் கோப்பை அழிக்காம வெச்சிருந்தா பேச்சு சுலபமா முடியும்.

படத்துக்குக் கீழே எந்தத் திசைக் கோபுரம், எந்த வருஷம் எடுத்ததுன்னு எழுத மறக்காதே. அடுத்த கும்பாபிஷேகத்துக்கு வண்ணத்தையே மாத்திடுவாங்க.