ஊற்றுகிற ரெசின் எல்லாம் பலமல்ல

வண்ணார்பேட்டை,
திருநெல்வேலி.

அன்பு மருமகன் செல்வத்துக்கு,

நீ ஃபைபர் படகுப் பட்டறையில் சேரப்போவதாக அக்கா போனில் சொன்னாள். இவ்வளவு லேசான படகு கடலில் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டாயாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் லேசாக இருப்பதாலேயே எந்தப் படகும் உடைவதில்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தில் நம்மூர் ஆட்களை மீட்கக் கடற்கரை ஊர்களிலிருந்து லாரியில் வந்தவை இந்தப் படகுகள்தாம். கனத்த மரவள்ளத்தை அப்படி ஏற்றி இறக்குவது லேசில் நடக்காது. எடை குறைந்தால் சிறிய எஞ்சின் போதும், எரிபொருளும் மிச்சம். வேகமெடுத்ததும் படகு தண்ணீரின் மேலேறி வழுக்கி ஓடும். சிக்கலும் அங்கேதான்: அலையில் எழும்பி விழும்போதெல்லாம் படகின் முன்பகுதியான அணியத்தின் அடிப்பாகம் பலத்த அடி வாங்கும். கரையில் இழுத்தால் அடிக்கட்டையான ஏரா தேயும். எஞ்சின் தொங்கும் பின்பலகை ஓயாமல் அதிரும். கண்ணாடி நார் அடுக்குகளை அங்கெல்லாம் கூட்டு, மற்ற இடத்தில் குறை.

புதிதாக வருகிறவர்கள் நாரை ஒட்டும் ரெசினைக் கூடுதலாக ஊற்றினால் உறுதி என்று நினைப்பார்கள். பலம் கண்ணாடி நாரில் இருக்கிறது. ரெசின் அதைப் பிடித்துவைக்கிறது, அவ்வளவே. ரோலரை அழுத்தி உருட்டி, காற்றுக் குமிழையும் மிஞ்சிய ரெசினையும் வெளியேற்று. ரெசின் தேங்கிய இடம் எடை கூடியும் எளிதில் விரிசல் விடும்.

தகட்டின் தடிமனை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும். அதனால்தான், எடை அதிகம் ஏறாமல் தடிமனைக் கூட்ட, பல நவீன படகுகளில் இரண்டு மெல்லிய ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே ஃபோம் வைக்கிறார்கள். ஆனால் அதில் போடும் போல்ட் துளையைச் சரியாக அடைக்காவிட்டால் நீர் உள்ளே இறங்கி அடுக்கு பிரியும். பின்பலகைக்குள் பிளைவுட் இருந்தால் உளுத்தே போகும். வெளியே பெயின்ட் மட்டும் பளபளக்கும்!

நம் கரைகளில் ஃபைபர் புழங்கிய கதையையும் கேள். கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் 1980களில் பியர் ஜில்லே என்ற பெல்ஜியப் பொறியாளர் பிளைவுட் படகு கட்டினார். பிளைவுட் தகடுகளைக் கம்பியால் தைத்து, மூட்டின்மேல் ஃபைபர் ஒட்டும் முறை அது. பலகையைக் கயிற்றால் தைத்துப் பழகிய கரைகள் நம்முடையவை. அவ்வகைப் படகு தென்கோடியில் பரவியதில் வியப்பில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணப் பணத்தில் ஃபைபர் படகுகளை அவசர அவசரமாகக் கட்டினார்கள். பலவற்றின் தரம் சொல்லும்படி இல்லை. பொருளைக் குறை சொல்லாதே, குறை அவசரத்தில்தான்.

பட்டறைக்கு வரும் பழைய படகை நாணயத்தால் தட்டிப் பார். 'பொத்'தென்று ஒலிக்கும் இடத்தில் அடுக்கு பிரிந்திருக்கும். சாக்பீஸால் வட்டமிட்டு மேஸ்திரியைக் கூப்பிடு. ஃபைபரைத் தேய்க்கும்போது முகக்கவசம் போட மறக்காதே. அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

அன்புடன்,
மாமா