மிதிவண்டிக்குக் கழற்றி மாட்டும் கேரியர்: தேர்ந்தெடுக்கும் முறை

நமது கிராமங்களில் மிதிவண்டி என்பது பிரயாண சாதனம் மட்டுமன்று. அது ஒரு சிறு பாரவண்டியும் ஆகும். விடியற்காலையில் பால் கூட்டுறவுச் சங்கத்திற்குப் போகும் பாற்பாத்திரமும், மாலையில் வயலிலிருந்து வீடு திரும்பும் புல்லுக்கட்டும், சந்தைக்குச் செல்லும் வாழைத்தாரும் அதன் பின்புறக் கேரியரின் மீதே பயணம் செய்கின்றன. இருந்தும், வண்டி வாங்கும்போது டயரையும் சங்கிலியையும் பிரேக்கையும் சோதித்துப் பார்ப்பவர்கள் கேரியரைத் தொட்டுப் பார்ப்பதுகூட இல்லை. கடைக்காரர் எதைப் பொருத்திக் கொடுக்கிறாரோ அதையே ஏற்றுக்கொள்கின்றனர்.

முன்னாளில் இதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் நேரவில்லை. 28 அங்குலச் சக்கரங்கொண்ட கறுப்பு மிதிவண்டியே எங்கும் ஓடிற்று. அதன் கேரியரும் ஏறக்குறைய ஒரே அமைப்பில் கனத்த இரும்பினால் செய்யப்பட்டு, அச்சு நட்டில் முடுக்கப்பட்டிருந்தது. அம்பத்தூரில் 1949-ஆம் ஆண்டு தோன்றிய தொழிற்சாலையின் வண்டியானாலும், லூதியானாவிலிருந்து வந்த வண்டியானாலும் இதில் வேற்றுமை குறைவு. இப்போதைய நிலைமை வேறு. இளைஞர்கள் விரும்பும் பருத்த டயர் வண்டிகளும் கியர் வண்டிகளும் பெரும்பாலும் கேரியர் இல்லாமலே விற்பனைக்கு வருகின்றன. கேரியரைத் தனியே வாங்க வேண்டியிருக்கிறது. அவ்வாறு வாங்கச் செல்வோர் முன்னால் கடைக்காரர் வைப்பது, ‘கழற்றி மாட்டும் கேரியர்’ எனப்படும் புதிய சாதனம். ஒரே வண்டியில் மகன் பள்ளிக்குப் போக, தந்தை பால் ஊற்றப் போகும் குடும்பங்களில் இத்தகைய ஏற்பாடு வசதியானதே. பேருந்து நிலையத்தருகே வண்டியை நாள் முழுவதும் நிறுத்திவிட்டு வெளியூர் செல்வோர்க்கும், கேரியரோடு கூடையையும் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம் என்ற நன்மை உண்டு. ஆனால் எல்லாக் கேரியரும் எல்லாப் பாரத்தையும் தாங்கிவிடுமென்று நம்புவது ஆபத்தானது.

கேரியரின் அருமையைப் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் நன்கு அறிவர். 1991-ஆம் ஆண்டு அங்கே அறிவொளி இயக்கம் நடைபெற்றபோது, மாவட்ட ஆட்சித் தலைவராயிருந்த திருமதி ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் கிராமப் பெண்கள் பெருந்திரளாக மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொண்டனர். பெண்களுக்கான வண்டி போதாமற்போகவே, ஆண்கள் வண்டியையும் அவர்கள் தயங்காமல் வாங்கினர். முன்புறம் உள்ள குறுக்குத் தண்டில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் என்பதால் சிலர் அதையே விரும்பவும் செய்தனர். தண்ணீர்க் குடங்களும் விளைபொருள்களும் பின்புறத்துக்கு வந்து சேர்ந்தன. நடந்து சுமந்த பாரத்தை வண்டி ஏற்றுக்கொண்டது. ஆகவே ‘இந்த வண்டி எவ்வளவு வேகமாகப் போகும்?’ என்பதைவிட ‘எவ்வளவு தாங்கும்?’ என்னும் கேள்வியே நமது கிராமங்களுக்குப் பொருத்தமானது.

முதலில் நாம் ஏற்றும் பொருளின் எடையை அறிந்துகொள்ள வேண்டும். பள்ளிப் புத்தகப் பை 5 கிலோ அளவில் இருக்கும். பிளாஸ்டிக் குடம் ஒன்றில் 15 லிட்டர் தண்ணீர் பிடித்தால் 15 கிலோ. பால் தண்ணீரைவிடச் சற்றே கனமானது. 20 லிட்டர் பால், பாத்திரத்தின் எடை சேராமலேயே 20 கிலோவைத் தாண்டிவிடும். சமையல் எரிவாயு உருளையில் உள்ள வாயு 14.2 கிலோதான் என்றாலும், இரும்பு உருளையும் சேர்ந்து ஏறக்குறைய 30 கிலோ ஆகிறது. இதை மறந்து, ‘பதினான்கு கிலோ தானே’ என்று எண்ணி மெல்லிய கேரியரில் ஏற்றுவோர் பலர். பச்சைப் புல்லின் எடையோ கட்டுக்குக் கட்டு மாறும். மழை நாளில் அறுத்த கட்டு கண்ணுக்குத் தெரிவதைவிட எப்போதும் கனமானதே.

இனி வகைகளைப் பார்ப்போம். பழைய கறுப்பு வண்டியின் கேரியருக்கு இருபுறமும் கால்கள் உண்டு. அவை நேராக இறங்கிப் பின் அச்சின் நட்டில் பொருந்துகின்றன. பாரம் அந்தக் கால்களின் வழியே அச்சுக்கும், அச்சிலிருந்து சக்கரத்துக்கும், தரைக்கும் செல்கிறது. வண்டியின் சட்டத்துக்கு அதனால் வளைவு ஏதும் ஏற்படுவதில்லை. பாரம் சுமப்பதற்கு இதனினும் நல்ல ஏற்பாடு இல்லை. ஆனால் இதை அடிக்கடி கழற்றி மாட்ட முற்படுவது தவறு. அச்சு நட்டைத் தளர்த்தினால் சக்கரமும் சேர்ந்து நகர்ந்துவிடும். மீண்டும் முடுக்கும்போது சங்கிலி தொய்ந்தோ, சக்கரம் ஒருபுறம் சாய்ந்து மட்கார்டில் உரசியோ தொல்லை தரும். இவ்வகை வண்டி உடையோர்க்கு நாம் கூறும் யோசனை இது: கேரியரைக் கழற்றாதீர்கள்; அதன்மேல் வைக்கும் கூடையையோ பெட்டியையோ கழற்றி மாட்டும்படி அமைத்துக்கொள்ளுங்கள். மரப்பெட்டியின் அடியில் இரு இரும்புப் பட்டைகளை வைத்து, கேரியரின் கம்பிகளைக் கவ்வுமாறு இறக்கைத் திருகுடன் பொருத்தித் தர ஊர்க் கொல்லரால் முடியும். கழற்றி மாட்டும் வசதியும் கிட்டும்; பாரம் தாங்கும் வலிமையும் குறையாது.

புதுவகை வண்டிகளில் சிலவற்றில், பின் அச்சுக்குச் சற்று மேலேயும் இருக்கைக்குக் கீழேயும் சட்டத்திலேயே திருகுத் துளைகள் விடப்பட்டிருக்கும். வழக்கமாக இவை 5 மி.மீ. திருகுக்கு உரியவை. இந்த நான்கு துளைகளில் பொருத்தும் கேரியரை, எல் வடிவச் சாவி ஒன்றைக் கொண்டு சில நிமிஷங்களில் கழற்றவும் மாட்டவும் இயலும். சக்கரம் அசையாது, சங்கிலி தளராது. இவற்றில் அச்சடிக்கப்பட்டிருக்கும் உச்ச எடை பெரும்பாலும் 25 கிலோ. இத்துளைகள் உள்ள வண்டியை வாங்கியிருப்பவர் வேறு வகையைத் தேட வேண்டியதே இல்லை. வண்டி வாங்கும் முன்பே இத்துளைகள் உள்ளனவா என்று குனிந்து பார்ப்பது இன்னும் நன்று. பின்சக்கரத்தில் தட்டுப் பிரேக் உள்ள வண்டியானால், கேரியரின் கால் அந்தப் பிரேக்கில் இடிக்காமல் விலகி இறங்குகிறதா என்றும் கவனிக்க வேண்டும்.

கடைகளில் அதிகம் காணப்படுவது மூன்றாவது வகை. இதற்குக் கால்களே கிடையாது. இருக்கையைத் தாங்கும் தண்டை ஒரு கவ்வி பற்றிக்கொள்ள, கேரியர் பின்புறம் நீட்டிக்கொண்டு நிற்கும். நெம்புகோலைத் தூக்கினால் ஒரு நொடியில் கழன்றுவிடும். இந்த எளிமையே பலரை மயக்குகிறது. ஆனால் இதன் மீது பாரம் எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சற்று ஆராய வேண்டும். ஏற்றக்கால் கட்டிய கிணற்றில் நீர் இறைத்தவர்க்கு இது எளிதில் விளங்கும்; நீண்ட கழியின் நுனியில் உள்ள சிறு பாரமும் மறுபக்கத்தில் பெரும் பாரத்தைக் கேட்கிறதல்லவா? கவ்வியிலிருந்து 25 செ.மீ. தள்ளி 10 கிலோ எடையை வைப்பதாகக் கொள்வோம். கவ்வியின் உயரம் 5 செ.மீ. அப்போது கவ்வியின் மேல் விளிம்பு தண்டைப் பின்னுக்கு இழுக்கும் விசையும், கீழ் விளிம்பு முன்னுக்குத் தள்ளும் விசையும் தனித்தனியே 50 கிலோ ஆகின்றன. வண்டி அசையாமல் நிற்கும்போதே இந்நிலை. வண்டித்தடத்தின் பள்ளத்தில் சக்கரம் விழுந்து எழும்போது இவ்விசை ஒருகணம் இரண்டு மடங்காகவும் அதற்கு மேலும் பெருகும். கவ்வி வழுக்கிக் கேரியர் டயரின் மேல் இறங்கலாம்; அல்லது ஒருபக்கமாகச் சுழன்று பாரத்தைச் சாய்த்துவிடலாம். ஓடும் சக்கரத்தின் மீது பாரம் இறங்கினால் ஓட்டுபவர் விழாமல் தப்புவது அரிது. இவ்வகையில் 9 அல்லது 10 கிலோவுக்கு மேல் ஏற்றலாகாது என்று தயாரிப்பாளர்களே பொறித்திருப்பதன் காரணம் இதுதான். புத்தகப் பை, சாப்பாட்டுத் தூக்கு, மழைச் சட்டை ஆகியவற்றோடு அலுவலகம் சென்று திரும்புவோர்க்கு இது போதும். பாற்பாத்திரத்துக்கு உதவாது.

இவ்வகையில் வேறு இரு இடையூறுகளும் உண்டு. தண்டின் பருமன் வண்டிக்கு வண்டி வேறுபடுகிறது. பழைய வண்டிகளில் 25.4 மி.மீ.; புதியவற்றில் 27.2, 30.9, 31.6 மி.மீ. எனப் பல அளவுகள். கவ்வியினுள் வைக்கும் ரப்பர்ப் பட்டை உங்கள் தண்டுக்கு ஏற்றதாக இல்லாவிடில் எவ்வளவு முடுக்கினாலும் பிடிப்பு நிலைக்காது. இன்னொன்று, இரு கால்களும் தரையில் ஊன்றும்படி இருக்கையைத் தாழ்த்தி வைத்துக்கொள்வது நமது வழக்கம். அப்போது கவ்வி பற்றுவதற்குத் தண்டு வெளியே தெரிவதே இல்லை. கடைக்குப் போகும் முன் இருக்கைக்குக் கீழே எத்தனை விரற்கடை தண்டு தெரிகிறது என்று அளந்துகொண்டு போனால் வீண் அலைச்சல் மிஞ்சும்.

மேற்சொன்ன கவ்வியோடு, இருக்கையிலிருந்து அச்சுக்கு இறங்கும் மெல்லிய குழாய்களைப் பற்றும் இரு கால்களையும் சேர்த்துச் செய்த வகை ஒன்று இப்போது மலிவாகக் கிடைக்கிறது. அட்டைப்பெட்டியின் மேல் 50 கிலோ என்றும் அதற்கு மேலும் அச்சிட்டிருப்பார்கள். கால்கள் இருப்பதால் கவ்வியின் சிரமம் குறைவது மெய்யே. ஆயினும் அக்கால்கள் குழாயைப் பிடித்திருப்பது உராய்வினால் மட்டுமே. குலுங்கக் குலுங்க அவை கீழே வழுக்கி வரும். சட்டத்தின் வர்ணமும் அதனோடு உரிந்து துருவுக்கு இடங்கொடுக்கும். எனவே பெட்டியின் மேலுள்ள எண்ணைப் பாதிக்கும் குறைவாகவே கொள்வது விவேகம். பின்புறத்தில் ஸ்பிரிங் வைத்த வண்டிகளுக்கு இருக்கைத் தண்டு வகை எதுவாயினும் தொல்லையே. சக்கரம் மேலெழும்பும்போது கேரியரின் அடியில் மோதும்.

எந்தக் கேரியரானாலும் பாரம் எங்கே அமர்கிறது என்பது எடையைப் போலவே முக்கியமானது. பின் அச்சுக்கு நேர் மேலே இருக்கும் பாரம் பின்சக்கரத்தை மட்டும் அழுத்தும். அச்சுக்குப் பின்னால் தள்ளிப் போனால் முன்சக்கரத்தைத் தூக்கத் தொடங்கும். இரு அச்சுகளுக்கும் இடையே 115 செ.மீ. உள்ள வண்டியில், 25 கிலோ பாரத்தைப் பின் அச்சுக்கு 23 செ.மீ. பின்னால் வைத்தால் முன்சக்கரத்தின் மேல் 5 கிலோ அழுத்தம் குறைந்துவிடும். சமதரையில் இது தெரியாது. ஏரிக்கரையின் சரிவிலோ, பாலத்தின் ஏற்றத்திலோ ஹாண்டில் தானே ஆடுவதை அப்போது உணரலாம். ஆகையால் கனமான பொருளை இருக்கையை ஒட்டியும், இலேசானதைப் பின்னாலும் கட்டுவதே முறை. இருபக்கமும் பை தொங்கவிடுவோர் பெடலை மிதிக்கும் குதிகால் பையில் இடிக்காதபடி கேரியரின் நீளத்தைப் பார்த்து வாங்க வேண்டும்.

குழந்தைகளைப் பற்றித் தனியே கூற வேண்டியிருக்கிறது. தவணைக்குக் கழற்றி மாட்டும் இருக்கைத் தண்டுக் கேரியரில் எக்காரணம் பற்றியும் குழந்தையை அமர்த்தலாகாது. 12 கிலோ எடையுள்ள குழந்தையே அதன் வரம்பைத் தாண்டிவிடுகிறது. போதாததற்கு, பொருள் அசையாமல் இருக்கும், குழந்தை அசையும். வலிமையான பழைய கேரியரிலுங்கூட, தொங்கும் கால் போக்ஸ் கம்பிகளுக்குள் சிக்கிக் கணுக்காலும் குதிகாலும் சிதைந்து மருத்துவமனைக்கு வரும் குழந்தைகள் இன்றும் உண்டு. கால் வைக்கும் படியும், சக்கரத்தை மறைக்கும் வலைத் தடுப்பும், முதுகுச் சாய்வும் வாரும் உள்ள தனி இருக்கையைப் பொருத்திய பிறகே குழந்தையைப் பின்னால் ஏற்ற வேண்டும். அந்தத் தடுப்புக்கு ஆகும் செலவு பெரிதன்று. சேலைத் தலைப்பும் சக்கரத்தில் சிக்காமல் அதுவே காக்கும்.

இரும்பா, அலுமினியமா என்று கேட்போர்க்கு: நகரத்தில் அலுமினியம் நன்று, கிராமத்தில் இரும்பே நன்று. அலுமினியம் இலேசானது, துருப்பிடிக்காது. ஆனால் அது விரிந்து உடைந்தால் பக்கத்து வெல்டிங் பட்டறையில் பெரும்பாலும் ஒட்ட முடியாது. இரும்பு கனமாயினும், உடையும் முன் வளைந்து எச்சரிக்கை தரும், ஒட்டவும் செய்யலாம். ஆண்டுக்கு ஒருமுறை வர்ணம் பூசினால் போதும்.

ஊராட்சி மன்றங்கள் தம் பணியாளர்களுக்கு வண்டியோ கேரியரோ வாங்க விலைப்புள்ளி கேட்கும்போது, ‘நல்ல தரமான கேரியர்’ என்று எழுதுவதால் பயனில்லை. எத்தனை கிலோ தாங்க வேண்டும், கால்கள் அச்சிலோ சட்டத்துத் துளையிலோ இறங்க வேண்டும், எடை வரம்பு கேரியரிலேயே பொறிக்கப்பட்டிருக்க வேண்டும், பாரம் மறைக்காதபடி சிவப்புப் பிரதிபலிப்பான் கேரியரின் பின்நுனியில் இருக்க வேண்டும் என்று குறிப்பிட்டால் கடைக்காரர் மலிவுச் சரக்கைத் தள்ளிவிட இயலாது. பொருள் வந்ததும் ஒன்றைப் பொருத்தி, குறித்த எடைக்கு மணல் மூட்டை கட்டி, மேடுபள்ளமான பாதையில் ஒரு மைல் ஓட்டிப் பார்த்த பின்னர் பணம் கொடுக்கலாம்.

வாங்கிய கேரியரின் திருகுகள் முதல் வாரத்தில் கட்டாயம் தளரும். ஒவ்வொரு நட்டுக்கும் ஸ்பிரிங் வாஷர் போட்டு, ஏழாம் நாள் ஒருமுறையும், பிறகு மாதம் ஒருமுறையும் முடுக்குங்கள். கழற்றி மாட்டும் வகையாயின் ஒவ்வொரு முறை மாட்டிய பிறகும் இரு கைகளாலும் பக்கவாட்டில் பலமாக ஆட்டிப் பார்த்துவிட்டே பாரத்தை ஏற்றுங்கள். கட்டுவதற்குப் பழைய டியூபைக் கிழித்த ரப்பர் வாரே மேலானது. மீந்த நுனியைக் கட்டுக்குள் செருகிவிடுங்கள், சக்கரத்தை நோக்கித் தொங்கவிடாதீர்கள்.