ஆபத்துக் காலத்தில் குழந்தையும் கைபேசியும்

பெரியதோர் இரயில் சந்திப்பில், நெரிசலுக்கிடையே தாயின் கையைத் தவறவிட்டு நிற்கும் ஐந்து வயதுக் குழந்தையை எண்ணிப் பார்க்கலாம். தாயிடம் கைபேசி இருக்கிறது. அழும் குழந்தையைக் கண்டு விசாரிக்கும் பயணியிடமும், அங்கு வந்து சேரும் இரயில்வே காவலரிடமும் கைபேசி இருக்கிறது. ஆயினும் தாயின் எண் குழந்தைக்குத் தெரியாததால், இந்த மூன்று கருவிகளாலும் அந்நேரத்தில் பயன் ஏதும் இல்லை. தந்தையின் பெயரைக் கேட்டால் ‘அப்பா’ என்றே அக்குழந்தை விடை சொல்லும்.

கைபேசி பரவிய பின் எண்களை மனப்பாடம் செய்யும் வழக்கம் பெரியவர்களிடமே அருகிவிட்டது. கருவி பெயரை நினைவில் வைத்துக்கொள்கிறது. மனிதர் எண்ணை மறந்துவிடுகிறார். கூட்டத்தில் கைபேசி தொலைந்துபோனால், கணவரை அழைக்க மனைவிக்கே வழி இருப்பதில்லை. பிரயாகையில் கும்பமேளாவின்போது காணாமற்போனவர்களைக் குடும்பத்தாருடன் சேர்த்து வைக்க 1946ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் முகாமில், ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி அழைக்கும் முறை கைபேசிக் காலத்திலும் ஓயவில்லை. 2025ஆம் ஆண்டு மேளாவில் கணினி வழிப் பதிவு மையங்கள் அமைக்கப்பட்டன. ஒலிபெருக்கியும் உடன் ஒலித்தது. பேரளவில் மக்கள் ஓரிடத்தில் கூடும்போது கைபேசிக் கோபுரங்களின் தாங்குதிறன் போதாமற் போவதும் இதற்கொரு காரணமாகும்.

ஆகவே முதற்பணி வீட்டிலும் பள்ளியிலும் தொடங்குகிறது. பள்ளி செல்லும் வயதை எட்டும் குழந்தைக்குப் பெற்றோரின் எண் ஒன்றைப் பாட்டுப் போலச் சொல்லப் பழக்கலாம். அதனினும் சிறிய குழந்தையாயின், திருவிழாவுக்கோ பயணத்துக்கோ செல்லும் நாளில் சட்டையின் உட்புறத்தில் எண்ணை எழுதி வைத்தல் நலம். வெளியே தெரியும்படி பெயரை எழுதுதல் தவறு. முன்பின் அறியாத ஒருவர் பெயர் சொல்லி அழைத்தால் குழந்தை எளிதில் நம்பிவிடும்.

பத்து, ஒன்பது, எட்டு

பெற்றோரின் எண் இருந்தும் பயன்படாத குழந்தைகள் உண்டு. பெற்றோரே இல்லாதவர்களும், வீட்டிலிருந்தே தப்பி வந்தவர்களும் உண்டு. இவர்களுக்காக ஏற்பட்டதே 1098 என்னும் எண். டாட்டா சமூக அறிவியல் கழகத்தில் ஆசிரியராக இருந்த ஜெரூ பில்லிமோரியா, பம்பாயின் தெருக்களிலும் இரயில் நிலையங்களிலும் வாழ்ந்த சிறுவரிடையே பணியாற்றி வந்தார். இரவில் ஏதேனும் நேர்ந்தால் அச்சிறுவர்கள் அவரையே தொலைபேசியில் அழைக்கலாயினர். அந்த அனுபவத்திலிருந்து 1996ஆம் ஆண்டு அந்நகரில் ‘சைல்டுலைன்’ சேவை தோன்றியது. பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்குவரிசையில் அமைந்ததால் எழுதப் படிக்கத் தெரியாத சிறுவனும் அதை நினைவில் கொள்ள முடிந்தது. கட்டணம் இல்லாததால் கையில் காசின்றியும் அழைக்க முடிந்தது.

இச்சேவை தொடங்கிய காலத்தில் தெருமுனைதோறும் பொதுத் தொலைபேசிச் சாவடி இருந்தது. கைபேசி பெருகவே அச்சாவடிகள் மறைந்தன. வீடும் வசதியும் உடைய குழந்தைக்கு உதவியை அருகில் கொணர்ந்த அதே மாற்றம், தெருவோரச் சிறுவனுக்கு அதைத் தொலைவில் தள்ளிவிட்டது எனலாம். இன்று அவன் 1098ஐ அழைக்க வேண்டுமாயின் முன்பின் தெரியாத ஒருவரிடம் கைபேசியைக் கேட்டு வாங்க வேண்டும். அடிபட்ட சிறுவன், அல்லது வேலைக்கு வைத்தவரிடமிருந்து ஓடிவந்த சிறுமி, யாரிடம் கேட்பது? இரயில் நிலையத் தேநீர்க்கடைக்காரர், சுமைதூக்குவோர், ஆட்டோ ஓட்டுநர் ஆகியோருக்கு இந்த எண்ணை அறிவிப்பது விளம்பரச் செலவென்று கருதப்படலாகாது. சாவடி நின்ற இடத்தை இப்போது நிரப்புகிறவர்கள் அவர்களே.

மற்றொன்றும் கருதத்தக்கது. அழைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருக்கும் அழைப்புகள் இச்சேவையில் தொடக்கம் முதலே மிகுதி. ஒரு முறை மௌனமாக இருந்து, மறுமுறை சிரித்துவிட்டு வைத்து, அதற்கும் பின்னரே தன் துன்பத்தைச் சொல்லும் குழந்தைகள் உண்டு. மறுமுனையில் இருப்பவரின் குரல் நம்பத்தக்கதா என்று அவர்கள் சோதித்துப் பார்க்கிறார்கள். 2023ஆம் ஆண்டு முதல், ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தின் கீழ் இச்சேவையின் பொறுப்பு தொண்டு நிறுவனங்களிடமிருந்து மாநில அரசுகளுக்குப் படிப்படியாக மாற்றப்பட்டு, 112 என்னும் பொது அவசர எண்ணுடன் இணைக்கப்பட்டது. காவல்துறையின் வாகனமும் விரைவும் இதனால் கிட்டுகின்றன. ஆபத்து உடனடியாக இருக்குமிடத்து இது பெரும் பயன். ஆனால் அவசரக் கட்டுப்பாட்டு அறையின் இயல்பு, வீண் அழைப்பை விரைந்து முடித்து அடுத்ததற்குச் செல்வது. மௌன அழைப்பை ‘வீண்’ என்ற பத்தியில் பதிவு செய்யும் அலுவலர் தம் விதிப்படியே நடக்கிறார். எனினும் மறுமுறை அந்தக் குழந்தை அழைக்காமலே போகலாம். பயிற்சித் திட்டங்களை வகுப்போர் முதலில் கவனிக்க வேண்டிய இடம் இதுவே.

112 சேவை 2018 நவம்பரில் இமாச்சலப் பிரதேசத்தில் தொடங்கிப் பிற மாநிலங்களுக்குப் பரவியது. 2016ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி கைபேசிகளில் அவசரப் பொத்தான் அமைந்துள்ளது: பொத்தான் வகைக் கைபேசியில் 5 அல்லது 9 என்ற விசையைத் தொடர்ந்து அழுத்த வேண்டும், திறன்பேசியில் மின்விசையை விரைவாக மூன்று முறை அழுத்த வேண்டும். வீட்டிலுள்ள கருவியில் எது பொருந்தும் என்பதைப் பெற்றோர் முன்னரே பார்த்துக் குழந்தைக்குக் காட்டித் தருதல் வேண்டும்.

புயலும் வெள்ளமும்

இயற்கைச் சீற்றத்தின்போது கைபேசியின் இயல்பே மாறிவிடுகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் அழைப்பதால் பேச்சுத் தொடர்பு கிடைப்பதில்லை; குறுஞ்செய்தி சற்றுக் காத்திருந்தேனும் போய்ச் சேர வாய்ப்பு அதிகம். உள்ளூரில் தொடர்பு நெரிந்திருக்கும்போதும் வெளி மாவட்ட உறவினருக்குச் செய்தி எட்டக்கூடும். பிரிந்துபோன குடும்பத்தினர் அனைவரும் அத்தகைய ஒருவருக்கே செய்தி அனுப்புவதென்று முன்னரே முடிவு செய்து கொண்டால், அவர் வழியே ஒருவரையொருவர் அறியலாம்.

2019 மே மாதத்தில் ஃபானி புயல் ஒடிசாவைத் தாக்குமுன், சுமார் 26 லட்சம் குறுஞ்செய்திகள் வழியாக எச்சரிக்கை விடப்பட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றப்பட்டனர். தன்னார்வலர்களும், ஒலிபெருக்கிகளும், முன்னரே கட்டப்பட்ட புயல் காப்பகங்களும் உடனிருந்ததாலேயே செய்தி செயலாயிற்று. 2023ஆம் ஆண்டில் நாடு முழுவதும் சோதிக்கப்பட்ட ‘செல் ஒலிபரப்பு’ முறை இதனினும் ஒருபடி மேலானது. இதில் எண்களின் பட்டியல் தேவையில்லை. குறிப்பிட்ட கோபுரங்களின் எல்லைக்குள் உள்ள கருவிகளில் உரத்த ஒலியுடன் எச்சரிக்கை தோன்றும். நெரிசலும் இதைத் தடுப்பதில்லை.

தோன்றிய எச்சரிக்கையைப் படிப்பவர் யார்? பாட்டனும் பாட்டியும் படிக்க அறியாத எத்தனையோ வீடுகளில் கைபேசியைப் படித்துக் காட்டுவது பள்ளிக் குழந்தைதான். பாதுகாக்கப்பட வேண்டியவராக மட்டும் நாம் கருதும் குழந்தையே அவ்வீட்டின் எச்சரிக்கை அலுவலராகவும் இருக்கிறது. அக்குழந்தை படிக்கும் மொழியில் செய்தி அமைய வேண்டும் என்பதற்கு இதனினும் வலுவான காரணம் வேண்டியதில்லை. மின்சாரம் தடைப்பட்டால் கோபுரத்தின் மின்கலமும் நெடுநேரம் தாங்காது, வீட்டுக் கைபேசியும் தாங்காது. எச்சரிக்கை வந்த அன்றே முழு மின்னேற்றம் செய்துகொள்ளல் இன்றியமையாதது.

பரப்புதலின் தீங்கு

குழந்தைகளைக் காக்கும் ஆர்வமே கைபேசி வழியே கொலையாக முடிந்ததும் உண்டு. 2018 ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில், பிள்ளை பிடிப்பவர்கள் என்ற ஐயத்தின்பேரில் ஐந்து பேர் கூட்டத்தினரால் அடித்துக் கொல்லப்பட்டனர். அவர்கள் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். அதற்கு முன் மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்திலும், குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்த மூதாட்டி ஒருவர் இதே ஐயத்துக்கு இரையானார். அவ்வாண்டு நாடெங்கும் பரவிய காட்சிகளுள் ஒன்று, குழந்தைகளின் பாதுகாப்பை வலியுறுத்தக் கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படத்தின் பகுதியாகும். அது நடிப்பு என்று விளக்கும் இறுதிப் பகுதி வெட்டப்பட்டிருந்தது. இதன் பின்னரே வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வரம்பிட்டது.

குழந்தை காணாமற்போனால் முதலில் செல்ல வேண்டிய இடம் காவல்நிலையம். இத்தகைய புகார்களை முதல் தகவல் அறிக்கையாகவே பதிவு செய்ய வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2013 மே மாதத்தில் ஆணையிட்டுள்ளது. ‘ஒருநாள் பொறுத்துப் பார்க்கலாம்’ என்று கூற எந்த அலுவலருக்கும் உரிமையில்லை. படத்தைக் கைபேசிக் குழுக்களில் பரப்புவது அதற்குப் பிந்திய செயல். அதுவும் விசாரணை செய்யும் காவலருடன் கலந்தே செய்யத்தக்கது. மீட்கப்பட்டுப் பராமரிப்பில் உள்ள குழந்தையின் பெயரையோ படத்தையோ வெளியிடுவது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். நடைமுறையில், குழந்தை வீடு திரும்பிப் பள்ளிக்குச் செல்லத் தொடங்கிய பின்னரும் ‘காணவில்லை’ என்ற படம் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருப்பதுண்டு. தேதி இல்லாத செய்தியாயின் அதை நிறுத்துவது மேலும் கடினம். எனவே படம் பரப்பப்படும்போது காணாமற்போன நாளும், காவல்நிலையத்தின் பெயரும், அதன் தொலைபேசி எண்ணும் அதிலேயே இடம்பெற வேண்டும்; குழந்தை கிடைத்ததும் அதே குழுக்களில் அச்செய்தி உடனே தெரிவிக்கப்பட வேண்டும்.